மகளுக்கு எந்த சைக்கிள் வீரரின் தன்வரலாற்றை வாங்குவது?

கொரடாச்சேரியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறார். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டியில் சென்ற ஆண்டு பரிசு வாங்கியவர். இப்போது தொழில்முறை சைக்கிள் வீரர் ஒருவரின் தன்வரலாறு வேண்டும் என்று கேட்கிறாராம். "அவர்களில் பலர் ஊக்கமருந்து போட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எழுதியதைப் படித்து என் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்? காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?" இதுதான் கேள்வி.

இருக்கிறது, வாங்குங்கள். ஆனால் கடையில் முதலில் கண்ணில் படுவதை வாங்கிவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாக இந்த வகைப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். கோப்பை வாங்கிய சூட்டோடு அதே ஆண்டில் வெளிவரும் புத்தகங்கள் பெரும்பாலும் கோப்பைக் கணக்குதான். எந்த மலையில் யாரை முந்தினேன், மேடையில் நின்றபோது அம்மா எப்படி அழுதார் என்று போகும். இரண்டு படித்தால் மூன்றாவதை நாமே எழுதிவிடலாம். இந்தத் தொழிலை உள்ளிருந்து காட்டுபவை வேறு புத்தகங்கள். தோற்றவர்களும், பிறருக்காக உழைத்தவர்களும், வேலையை விட்டு வெளியே வந்து நிதானமாக யோசித்தவர்களும் எழுதியவை அவை. ஏன் அப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

என் சித்தப்பா நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட நாட்களில் என் மாலைகள் அங்கேதான் கழிந்தன. கேட் போட்டால் பஸ், லாரி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பள்ளி விட்டு வரும் பையன்கள் எல்லோரும் ஒன்றாகத் தேங்கி நிற்பார்கள். கேட் திறந்ததும் விவரமுள்ள பையன்கள் வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். ஆடி மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவனுக்கு மேல்காற்று முகத்தில் அறையும். அம்மியையே நகர்த்தும் காற்று என்பார்கள். சைக்கிள்காரனை நிற்க வைத்துவிடும். டிராக்டரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு முழம் இடத்தில் மட்டும் அந்தக் காற்று இல்லை. அங்கே பெடலை மிதிப்பது வெறும் பேச்சுக்குத்தான். டிராக்டர் கிடைக்காத நாளில் பையன்கள் வரிசையாக ஒருவன் பின் ஒருவனாகப் போவார்கள். முன்னால் போகிறவனுக்கு மூச்சு முட்டும், பின்னால் வருகிறவன் கதை பேசிக்கொண்டு வருவான். கோவில்வெண்ணி வந்ததும் முன்னவன் ஒதுங்கிப் பின்னால் போவான், அடுத்தவன் முன்னே வருவான்.

தொழில்முறை சைக்கிள் பந்தயத்தின் முழு ரகசியமும் இவ்வளவுதான். சமதரையில் ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டுபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். டூர் டி பிரான்ஸ் பந்தயம் மூன்று வாரம், 21 கட்டங்கள் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), சுமார் 3,400 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை தூரமும் அணித் தலைவரின் முகத்தில் காற்று படாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே மற்ற வீரர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். பின்னால் வரும் அணிக் காருக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி, சட்டைப் பையிலும் முதுகுக்குள்ளும் திணித்துக்கொண்டு, கூட்டத்தைத் துரத்திப் பிடித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பார்கள். நடவு வயலில் சேற்றில் நடந்து நாற்று முடிகளை வீசிக்கொண்டே போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையால் ஒரு நாற்றுகூட நட்டிருக்க மாட்டார், அவர் இல்லாமல் நடவும் நடக்காது.

இந்த வேலைக்காரருக்கு 'டொமெஸ்டீக்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலைக்காரன் என்று பொருள். அது வசையாகத்தான் தொடங்கியது. 1911 டூரில் மோரிஸ் பிரோக்கோ என்ற வீரர் வேறொருவருக்கு உதவி ஓட்டினார் என்று கோபப்பட்டு, பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் அவரை அப்படித் திட்டினார். மறுநாள் கட்டத்தை பிரோக்கோவே வென்று காட்டினார். வசை மட்டும் நிலைத்துப்போய்ப் பதவியின் பெயராகிவிட்டது. பண்ணையாள் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வென்றவரின் புத்தகத்தில் இந்த ஆட்கள் ஒரு வரியில் வந்து போவார்கள், "என் அணியினருக்கு நன்றி" என்று. அவர்களே எழுதிய புத்தகத்தில்தான் முழு வயலும் தெரிகிறது.

அவற்றில் முதலாவதாக நான் வைப்பது அயர்லாந்துக்காரர் பால் கிம்மேஜ் எழுதிய 'ரஃப் ரைட்'. 1990-இல் வெளிவந்தது, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு நூலுக்கான வில்லியம் ஹில் பரிசையும் பெற்றது. 1986 டூரை அவர் 131-ஆவது இடத்தில் முடித்தார். அந்த எண்ணை வெட்கமில்லாமல் எழுதுகிறார், அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. ஊசி போடாமல் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாத நிலை எப்படி உண்டானது என்பதை, சத்து ஊசியில் தொடங்கிப் படிப்படியாகச் சொல்கிறார். சில பந்தயங்களில் தானும் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கமருந்தை எடுத்ததை அவர் மறைக்கவில்லை. இப்படி வாய் திறப்பவரை அந்த உலகத்தில் 'சூப்பில் துப்பியவன்' என்பார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று நாம் சொல்வதில் உள்ள அதே கசப்பு. பழைய தோழர்கள் அவரை ஒதுக்கினார்கள். பின்னால் வந்த செய்திகளெல்லாம் அவர் சொன்னதைத்தான் உறுதி செய்தன.

அதே வரிசையில் சார்லி வெகேலியஸ் 2013-இல் எழுதிய 'டொமெஸ்டீக்'. 2005-இல் மாட்ரிட்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் பிரிட்டன் சட்டை போட்டுக்கொண்டு இத்தாலி அணிக்காக முன்னால் நின்று காற்றை வாங்கியவர் இவர். அவருக்குச் சம்பளம் தந்தவை இத்தாலிய அணிகள். நாட்டின் சட்டையா, அடுத்த ஆண்டு ஒப்பந்தமா என்று வந்தபோது ஒரு கூலிக்காரர் எடுத்த முடிவு அது. சரியா தவறா என்று உங்கள் மகளோடு ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

இனி நீங்கள் கேட்ட ஊக்கமருந்து விஷயத்துக்கு வருகிறேன். இதை என் வீட்டுக் கதை இல்லாமல் சொல்ல முடியாது.

2006-இல் சித்தப்பாவுக்குப் புற்றுநோய். தஞ்சாவூரில் மருத்துவமனையில் வாரக்கணக்கில் இருந்தார். மாலையில் நான் போய் உட்காருவேன். அப்போது என்னிடம் இருந்தது அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 'இட்ஸ் நாட் அபவுட் த பைக்'. 2000-இல் வந்து உலகமெங்கும் விற்ற புத்தகம். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பத்தி படிப்பேன், தமிழில் சொல்வேன். 1996 அக்டோபரில், 25 வயதில், விரைப் புற்றுநோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட இடம், மூளையில் அறுவை சிகிச்சை, கீமோவின் வாந்தி, மருந்துக்குப் பிறகு சைக்கிளில் ஏறியபோது கால் நடுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா சலைன் ஏறாத கையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு கேட்பார். மாதக்கணக்கில் கடைக்குப் போகாத கை. ஆனாலும் விரல் ரேகைகளில் செயின் கிரீஸ் கறுப்பாக அப்படியே இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. "அவன் திரும்ப ஓட்டினானா?" என்று மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்பார். ஓட்டினான் சித்தப்பா, 1999-இல் டூரையே வென்றான் என்பேன்.

சித்தப்பா பிழைத்து வந்து மறுபடியும் கடை திறந்தார். 2012-இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஏழு வெற்றிகளிலும் ஊக்கமருந்து எடுத்திருந்ததை ஒப்புக்கொண்டார். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபோய்ட்டின் ஊசிதான் அதில் முக்கியமானது. சிவப்பணு கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடும், மலையில் மூச்சு வாங்காது. என் பங்குக்கு நான் மிகவும் உடைந்துபோனேன். ஒரு பொய்யைத்தான் சித்தப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மருந்துபோல ஊட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம் எங்கே உரசுகிறது என்று பார்த்து, ஒரு கம்பியைக் கால் திருகு முறுக்கினார். மறுபடி சுழற்றினார். பிறகுதான் பேசினார். "அவனுக்கு வந்த நோய் பொய் இல்லையே தம்பி. எனக்கு அது போதும். ஆனால் கூட ஓட்டியவர்கள் சோற்றில் கை வைத்தானே, அதைத்தான் மன்னிக்க முடியாது."

இன்றுவரை அந்தப் புத்தகத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. நோய்ப் பக்கங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1996-இல் மருத்துவமனை அறையில் மருத்துவர்கள் கேட்டபோது, ஊக்கமருந்துகள் எடுத்ததாக அவர் சொன்னதைத் தாங்கள் நேரில் கேட்டோம் என்று சக வீரர் ஃபிராங்கி ஆண்ட்ரூவும் மனைவி பெட்சியும் பின்னாளில் உறுதிமொழியின் பேரில் சாட்சியம் அளித்தார்கள். புத்தகத்தில் அந்த மருத்துவமனை நாட்கள் விரிவாக வருகின்றன, அப்படி ஒரு பேச்சு வரவில்லை. உண்மைக் கதை என்று நம்பி வாங்கி ஏமாந்தோம் என்று கலிபோர்னியாவில் சில வாசகர்கள் வழக்குக்கூடப் போட்டார்கள். பேச்சுரிமையின் அடிப்படையில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

ஆகவே அந்தப் புத்தகத்தை உங்கள் மகளுக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், ஆம்ஸ்ட்ராங்கின் அணியிலேயே ஓட்டிய டைலர் ஹாமில்டனின் 'த சீக்ரெட் ரேஸ்' புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 2012-இல் வந்தது, அதுவும் வில்லியம் ஹில் பரிசு பெற்றது. அதே பந்தயங்கள், அதே அறைகள், இந்த முறை குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருந்தது என்பதோடு. 2003 டூரில் முதல் கட்டத்திலேயே காறை எலும்பு முறிந்தும் கடைசிவரை ஓட்டி நான்காவதாக வந்தவர் ஹாமில்டன். அத்தனை வலியைத் தாங்கிய மனிதரே ஊசியையும் போட்டுக்கொண்டார். நல்லவன், கெட்டவன் என்று இரண்டு கூடைகளில் ஆட்களைப் பிரித்துப் போடும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு இது கொஞ்சம் சங்கடம் தரும். தரட்டும். 17 வயதில் படிக்க வேண்டியதுதான்.

தோல்வியைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் பிரான்சின் லோரான் ஃபின்யோன். 1983, 1984 இரண்டு டூர்களை வென்றவர். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது 1989-ஐ. மூன்று வாரம் ஓட்டி, கடைசி நாளில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டத்தில், கையில் இருந்த 50 விநாடி முன்னிலையையும் இழந்து, கிரெக் லெமாண்டிடம் 8 விநாடியில் தோற்றார். லெமாண்ட் புதுவகைக் கைப்பிடி பொருத்தி, காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம் போட்டிருந்தார். ஃபின்யோன் குடுமி பறக்க, வெறுந்தலையோடு, உட்காரும் இடத்தில் கொப்புளத்தோடு ஓட்டினார். தம் புத்தகத்தை அந்த 8 விநாடியிலிருந்தே தொடங்குகிறார். நீங்கள்தானே எட்டு விநாடியில் தோற்றவர் என்று கேட்பவரிடம், இல்லை, நான் இரண்டு முறை வென்றவன் என்று பதில் சொல்கிறார். தாம் ஆம்ஃபெட்டமைனும் கார்ட்டிசோனும் எடுத்ததையும் எழுதியிருக்கிறார். 2009-இல் புத்தகம் வந்தது. மறு ஆண்டு புற்றுநோயில் இறந்தார்.

சித்தப்பாவுக்குப் பிடித்தவர் வேறு. கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர். வேலையும் காசும் இல்லாத நாளில் பழைய இரும்பை ஒட்டித் தம் கையாலேயே ஒரு சைக்கிளைச் செய்தார். அதில் சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைப் போட்டார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமர் நகரில் அந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். ஒரு வாரத்துக்குள் கிறிஸ் போர்ட்மேன் அதை முறியடித்தார், அடுத்த ஆண்டு ஓப்ரீ மறுபடி எடுத்துக்கொண்டார். இதைச் சொன்னபோது சித்தப்பா வாயடைத்துப் போனார். பால்ரஸ் குண்டை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவியே வாழ்ந்தவருக்கு, சலவை இயந்திரப் பேரிங் எவ்வளவு வழவழப்பாகச் சுற்றும் என்று நன்றாகத் தெரியும். "எத்தனை இஞ்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓப்ரீ தம் மனச்சோர்வைப் பற்றியும் தற்கொலை முயற்சிகளைப் பற்றியும் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். மகள் படிக்கும் முன் நீங்கள் படியுங்கள், பிறகு சேர்ந்து பேசுங்கள்.

பணம் செலவழிக்க யோசனையாக இருந்தால் மார்ஷல் 'மேஜர்' டெய்லரில் தொடங்குங்கள். 1899-இல் மாண்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆன கறுப்பின அமெரிக்கர். நிறத்தைக் காட்டி ஓட்டக்களத்தில் இடித்துத் தள்ளப்பட்டவர், ஓட்டல்களில் சோறு மறுக்கப்பட்டவர். 1928-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, வீடு வீடாகப் போய் விற்றார். 1932-இல் சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டதால் இந்தியச் சட்டப்படி அந்த நூல் பதிப்புரிமை முடிந்து இப்போது பொதுவுடைமை. நடை பழையதுதான், செய்தித்தாள் வெட்டுகளை நிறைய ஒட்டியிருக்கிறார், பல பக்கங்களைத் தாண்டிப் போகலாம். ஆனால் இன்று பல வீரர்களின் புத்தகங்கள் பத்திரிகையாளர் துணையோடு எழுதப்படுபவை. அந்த வெட்டுகளை விட்டால் டெய்லரின் ஒவ்வொரு வரியும் அவருடையது, அது படிக்கும்போதே தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உங்கள் மகளுக்கு நான் எடுத்துத் தருவது நிக்கோல் குக்கின் 'த பிரேக்அவே', 2014. வேல்ஸ் நாட்டில் விக் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 16 வயதில், 1999-இல், பிரிட்டனின் பெரியவர்களுக்கான சாலைப் பந்தயச் சாம்பியன் ஆனார். 2008-இல் சாலைப் பந்தயத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம், அதே ஆண்டில் அதே பந்தயத்தில் உலகச் சாம்பியன் பட்டமும். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர் அதற்கு முன் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. இவ்வளவு வென்றவரின் புத்தகம் ஏன் கோப்பைக் கணக்காக இல்லை என்றால், வெற்றிகளைவிட அவற்றுக்கு நடுவே இருந்த சண்டைகளைத்தான் அவர் எழுதுகிறார். பெண் பிள்ளைகளுக்குப் போட்டியே வைக்காத அமைப்புகளுக்கு அப்பாவும் மகளுமாகக் கடிதம் எழுதுகிறார்கள். பேசிய சம்பளத்தைக் கொடுக்காத அணிகளோடு போராடுகிறார். ஊக்கமருந்தை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக நிற்கிறார். 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட அதே வாரத்தில்தான் குக் ஓய்வை அறிவித்தார். உலகம் முழுக்க ஏமாற்றியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏமாற்றாதவர் ஒரு அறிக்கையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்க நாட்களில், பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவர் தம் கதையை முழுப் புத்தகமாக எழுதியிருந்தால் இந்தப் பட்டியலில் அதைத்தான் முதலில் வைத்திருப்பேன்.

மகளுக்கு ஆங்கிலம் கடினமாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். குக்கின் ஆங்கிலம் நேரானது, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அகராதி இருந்தால் போதும். கிம்மேஜுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் இருபது பக்கத்திலேயே கைவிட வேண்டாம், தொழில்முறை அணியில் சேரும் இடத்திலிருந்து வேகம் பிடிக்கும்.

வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் என் பிரதிகள் இருக்கின்றன. நீடாமங்கலம் கேட்டுக்குப் பக்கத்தில் அதே கடைதான், இப்போது சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறார், நானும் மாலையில் இருப்பேன். மகளை சைக்கிளிலேயே வரச் சொல்லுங்கள். கொரடாச்சேரியிலிருந்து வரும்போது மேல்காற்று எதிரே இருக்கும், திரும்பும்போது புத்தகத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு காற்றோடு போய்விடலாம்.